ஒலிபெருக்கியை நாமே கட்டினால் மிஞ்சுவது பணமா, ஒலியா?

வளர்பிறை:

வணக்கம். அலமாரியில் வைக்கத்தக்க அளவுள்ள ஒரு ஜோடி இருவழி (தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று என இரண்டு டிரைவர்கள் கொண்ட) ஒலிபெருக்கிகளை வாங்குவதற்கென்று ஒதுக்கியிருக்கும் தொகையைக் கொண்டு அவற்றை நானே கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். கடை விலையில் பெரும்பங்கு விநியோகம், விளம்பரம், போக்குவரத்து, பெட்டியின் மெருகு ஆகியவற்றுக்கே போய்விடுகிறது, ஆகவே அதே தொகைக்கு ஓரிரு படி உயர்ந்த டிரைவர்களை, அதாவது ஒலியை எழுப்பும் உறுப்புகளை, வாங்கிவிடலாம் என்பது கட்டுவோர் தரப்பின் வாதம். தொழிற்சாலையில் பொறியாளர்கள் மாதக்கணக்கில் செய்யும் வேலையை ஒருவர் வார இறுதிகளில் செய்துவிட முடியுமா என்பது மறுதரப்பின் வாதம். இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் படுகின்றன.

மரவேலை ஓரளவு வரும், சாலிடரிங் வரும். மின்சுற்றுக் கோட்பாடு மட்டும் பள்ளிப் பாடத்தோடு நிற்கிறது. தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்றையும் உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குல டோம் ட்வீட்டர் ஒன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். வூஃபரின் தரவுத்தாளில் எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 30 லிட்டர் என்று குறித்திருக்கிறார்கள். இதற்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்? இரண்டுக்கும் உரிய ஒலியை 2500 ஹெர்ட்ஸில் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றுப் பலகைகள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றனவே, அவற்றில் ஒன்றைப் பொருத்தினால் போதாதா? எல்லாம் முடிந்த பிறகு, பேசாமல் கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்று தோன்றாமல் இருக்குமா?

பேரியாழ்:

உங்கள் கேள்விகளில் பெட்டியின் அளவு பற்றியதற்குத்தான் திட்டவட்டமான விடை உண்டு. அதை முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

நீங்கள் கொடுத்திருப்பவை தீல்–ஸ்மால் அளவுருக்கள். நெவில் தீல் 1961-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும் பரவலாவதற்கு முன்பு, பெட்டியின் அளவு பெரும்பாலும் கட்டிப் பார்த்துத் திருத்துவதன் மூலமே முடிவாயிற்று. இன்று மரத்தைத் தொடும் முன்பே காகிதத்தில் அதை முடித்துவிடலாம். எஃப்எஸ் என்பது பெட்டியில்லாத நிலையில் கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண். விஏஎஸ் என்பது கூம்பைத் தாங்கும் தொங்கல் அமைப்பின் விறைப்புக்கு ஈடான விறைப்பைத் தரும் காற்றின் கொள்ளளவு. க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைச் சொல்லும் எண். எண் சிறிதானால் அடக்கம் அதிகம்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. விஏஎஸ்-ஐப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஓர் எண் வரும்; எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் அதே எண்ணால் பெருக்கினால் பெட்டிக்குள் போன பிறகு வூஃபர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். 12.2 லிட்டர் பெட்டியில் உங்கள் வூஃபருக்கு அந்த எண் 1.86. மொத்த க்யூ 0.707 ஆகிறது, மேடு இல்லாமல் மிகத் தாழ்வாக இறங்கும் நிலை இதுவே. ஒத்ததிர்வு 74 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, அந்த இடத்தில் ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் சரியும்.

துளைக்குழாய் வைத்த பெட்டியில் இதே வூஃபர் வேறு ஆளாகிவிடுகிறது. க்யூடிஎஸ் 0.38 என்பது தீல் வகுத்த, மேடில்லாமல் சமனாக ஒலிக்கும் நான்காம் வரிசை பட்டர்வொர்த் அமைப்புக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் எண். அதன்படி 21 லிட்டர் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டினால், இழப்புகளைக் கணக்கில் கொள்ளாத நிலையில், 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். அதற்குக் கீழே சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல். அங்கே பெட்டியின் காற்று கூம்பைத் தாங்குவதும் இல்லை. 25 ஹெர்ட்ஸ் சைகை பலமாக வந்தால் கூம்பு எந்தப் பயனும் இன்றித் தாறுமாறாக ஆடும்.

குழாயின் நீளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 13.7 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஆனால் சத்தம் கூடும்போது அவ்வளவு குறுகிய குழாயில் காற்று சீறும். சீறலைத் தவிர்க்க 7 சென்டிமீட்டர் குழாய்க்குப் போனால் நீளம் 29 சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்தக் குழாயின் உள்முனைக்கும் பின்சுவருக்கும் இடையே குழாயின் விட்டத்தளவாவது இடைவெளி விட வேண்டும் என்பதால், பெட்டியின் ஆழத்தை முடிவு செய்வது வூஃபர் அல்ல, இந்தக் குழாய்தான். வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் இவை அனைத்தையும் ஒரு மாலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

சிறிய பெட்டி, ஆழமான கீழ்ச்சுருதி, அதிக உணர்திறன் (கொடுக்கும் திறனுக்குக் கிடைக்கும் சத்தம்) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாஃப்மன் பெயரால் வழங்கும் விதி. கடையில் வாங்கினாலும் கட்டினாலும் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கட்டுபவருக்கு உண்டு. விற்பனைக்கு வரும் பெட்டிகள் சிறியவையாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் வரவேற்பறையில் பெரிய பெட்டிக்கு இடம் தர மாட்டார்கள். நீங்கள் தர முடியுமானால் அங்கேயே ஒரு பங்கு ஆதாயம் கிடைத்துவிடுகிறது.

தராசு:

பேரியாழ் பெட்டிக்குச் சொன்னதெல்லாம் சரியே. ஆனால் பெட்டி எளிது என்பதாலேயே இந்தத் துறையில் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

பொருளாதாரத்திலிருந்து தொடங்குகிறேன். உற்பத்தியாளர் டிரைவர்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறார், அல்லது தாமே செய்கிறார். நாம் ஒரு ஜோடியைச் சில்லறை விலையில் வாங்குகிறோம். பெட்டி அவருக்கு இயந்திரத்தில் அறுபட்டு வருகிறது. நமக்குப் பலகை, பசை, மெருகு, கருவி எல்லாம் தனித்தனிச் செலவு. ஆகவே மலிவு விலைப் பிரிவில் கட்டுவது மிச்சம் பிடிக்கும் வழி அல்ல, அங்கே கடைச்சரக்கு பெரும்பாலும் வென்றுவிடும். விலை ஏற ஏறத்தான் கணக்கு கட்டுபவர் பக்கம் சாய்கிறது. உயர்தர டிரைவர்களும் பெரிய பெட்டியும் கொண்ட மூவழி அமைப்புகளில் அது தெளிவாகவே சாய்கிறது. விற்க நினைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் ஒலிபெருக்கியைப் பயன்படுத்திய பிறகும் நல்ல விலைக்கு விற்கலாம். நம் கைவேலையை வாங்குபவர் டிரைவர்களின் மதிப்பைக்கூடத் தர மாட்டார்.

அடுத்தது பொறியியல். ஃபிளாய்ட் டூல் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் திரைமறைவுச் சோதனைகள் நடத்தினார். பிராண்டும் தோற்றமும் தெரியாதபோது, நேர் எதிரே சமனாகவும் பக்கவாட்டுக் கோணங்களில் சீராகவும் ஒலிக்கும் பெட்டிகளைத்தான் கேட்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அவை காட்டின. பக்கவாட்டுச் சீர்மைதான் இதில் கடினமான பாதி. ஆறரை அங்குல வூஃபரின் செயல்படும் விட்டம் சுமார் 13 சென்டிமீட்டர். 2600 ஹெர்ட்ஸ் அருகே ஒலியின் அலைநீளமும் அவ்வளவுதான். அந்த எல்லையை நெருங்கும்போது வூஃபர் தன் ஒலியை முன்பக்கமாகக் குவிக்கத் தொடங்கிவிடும். அதே இடத்தில் பொறுப்பேற்கும் ஓர் அங்குல ட்வீட்டரோ எல்லாப் பக்கமும் ஒலியை அள்ளி வீசும். நேர் எதிரே அளந்தால் கோடு சமனாகத் தெரியும்; அறைச் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஒலியில் 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் துருத்தி நிற்கும். நிறுவனங்கள் ட்வீட்டரைச் சுற்றி, ஒலி பரவும் கோணத்தைக் கட்டுப்படுத்தும் குழிந்த முகப்பான அலைவழிகாட்டி ஒன்றை வார்த்து இதைச் சமாளிக்கின்றன. அந்த அச்சு செய்ய ஆகும் செலவு பல்லாயிரம் பெட்டிகளுக்குப் பங்கிடப்படுகிறது. நம்மிடம் இருப்பது ஒரு தட்டைப் பலகை.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் மிஞ்சும் என்ற எண்ணத்தில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அளவுகோல்:

தராசு எழுப்பிய பக்கவாட்டுப் பிரச்சினைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்பு, வளர்பிறை போகிற போக்கில் கேட்ட ஆயத்தக் கிராஸ்ஓவர் பலகை பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை தாமே கட்டிய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை கெட்டுப்போவது அங்கேதான்.

அந்தப் பலகைகள் டிரைவரை 8 ஓம் மின்தடையாக எண்ணிக் கணக்கிடப்பட்டவை. உண்மையான டிரைவர் ஒருபோதும் அப்படி நடந்துகொள்வதில்லை. 8 ஓம் என்று குறிக்கப்பட்ட வூஃபரின் நேர்மின்தடை 6 ஓம் அளவில் இருக்கும். ஒத்ததிர்வில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதைப் போலப் பல மடங்கு உயரும். பிறகு இறங்கி, குரல்சுருளின் தூண்டலால் மேல் அதிர்வெண்களில் மீண்டும் ஏறும். 8 ஓமுக்காகக் கணக்கிட்ட சுருளும் மின்தேக்கியும் இப்படி ஏறி இறங்கும் சுமையின்மேல் குறித்த இடத்தில் குறித்த சரிவோடு வெட்டுவதில்லை. மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட சோபெல் சுற்றை வூஃபருக்கு இணையாகப் போட்டு மேலேறுவதைத் தட்டையாக்கலாம் என்பது உண்மை, ஆனால் அதோடு பிரச்சினை முடிவதில்லை.

ஏனென்றால் கிராஸ்ஓவரின் நோக்கம் மின்சைகையை வெட்டுவது அன்று, காதுக்கு வந்து சேரும் ஒலியை வெட்டுவது. டிரைவருக்கே ஓர் இயல்பான ஏற்றத்தாழ்வு உண்டு. பெட்டியின் முன்பலகையில் பொருத்தியதும் அதன்மேல் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்புறமும் பரவும். உயர்ந்த அதிர்வெண்களில் முன்பலகையே தடுப்பாகி எல்லாவற்றையும் முன்னோக்கித் திருப்பிவிடும். இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி தோராயமாக 115-ஐ மீட்டரில் சொன்ன பலகை அகலத்தால் வகுத்தால் வரும் ஹெர்ட்ஸ். 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு 575 ஹெர்ட்ஸ். மொத்த வேறுபாடு 6 டெசிபல் வரை போகும்; அறைச்சுவர் கொஞ்சம் திருப்பித் தருவதால் நடைமுறையில் 3 அல்லது 4 டெசிபலை ஈடுகட்டினால் போதும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். ஆயத்தப் பலகையில் இதற்கு ஏற்பாடே கிடையாது. அதனால்தான் அத்தகைய பெட்டிகள் முதல் நாள் "தெளிவாக" ஒலித்து, பிறகு காதைக் களைப்படையச் செய்கின்றன. குரலுக்கு உடல் இருக்காது. கீழ்ப்பகுதியை உயர்த்த வழி இல்லை, மேற்பகுதியைத்தான் தாழ்த்த முடியும். உணர்திறன் 88 டெசிபல் என்று தாளில் கண்ட வூஃபர், முடிந்த பெட்டியில் 84 டெசிபலாக நிற்பது இதனால்தான். ட்வீட்டரையும் மின்தடை போட்டு அந்த அளவுக்கு இறக்க வேண்டும்.

கட்டமும், அதாவது இரண்டு டிரைவர்களின் அலைகள் ஏறி இறங்கும் நேரமும், ஒத்துப்போக வேண்டும். தட்டைப் பலகையில் பொருத்திய வூஃபரின் ஒலி மையம் ட்வீட்டரின் மையத்தைவிட ஏறத்தாழ இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். 2500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 13.8 சென்டிமீட்டர், 2.5 சென்டிமீட்டர் பின்தங்கல் என்பது 65 பாகைக் கட்ட வேறுபாடு. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வழக்குக்கு வந்த, அவர் பெயரையும் ரஸ் ரைலியின் பெயரையும் தாங்கிய நான்காம் வரிசை அமைப்பில், பிரியும் இடத்தில் இரண்டு டிரைவர்களும் தலா 6 டெசிபல் குறைந்து ஒரே கட்டத்தில் சேர வேண்டும். அதை எட்டும் சுற்று, பாடநூல் சூத்திரம் தரும் சுற்றைப் போலத் தோன்றவே தோன்றாது. சில உறுப்புகள் பாதி மதிப்பில் இருக்கும், சில காணாமலே போயிருக்கும்.

ஆகவே அளக்காமல் வடிவமைப்பு இல்லை. யூமிக்-1 போன்ற அளவுதிருத்தம் செய்த மைக், ஒலியை அளந்து வரைபடமாக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள், மின்மறுப்பை அளக்க ஒரு மின்தடையோடு கணினியின் ஒலியட்டை, கிராஸ்ஓவரைக் கணக்கிட விட்யூக்ஸ்கேட் என்ற மென்பொருள். மைக் ஒன்றைத் தவிர இதில் பெரிய செலவு இல்லை, மென்பொருள் இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எதிரொலியற்ற அறை இல்லையே என்று கேட்பீர்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் டிரைவரையும், அதே உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி மைக்கையும் வைத்தால், தரையில் பட்டு வரும் ஒலி 3.6 மில்லிநொடி தாமதமாகத்தான் வரும். மற்ற சுவர்கள் அதைவிடத் தொலைவில் இருக்குமானால், அதற்குள் வந்து சேர்ந்ததை மட்டும் வெட்டி எடுத்து, சுமார் 280 ஹெர்ட்ஸுக்கு மேலே அறையின் குறுக்கீடு இல்லாத அளவீட்டைப் பெறலாம். அதற்குக் கீழே, 1974-இல் டான் கீல் விளக்கிய அண்மைப்புல முறைப்படி, கூம்பின் மையத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தொலைவில் மைக்கை நிறுத்தி அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒட்டிக்கொள்ளலாம்.

ட்வீட்டரையும் வூஃபரையும் தனித்தனியாகவும், பிறகு இரண்டையும் சேர்த்தும், மைக்கை அசைக்காமல் அளக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அந்தத் தொகுப்பு இல்லாமல் கட்டக் கணக்கு நிற்காது.

வளர்பிறை:

மிக்க நன்றி. கிராஸ்ஓவர் பற்றிய பதில் கொஞ்சம் மலைப்பைத் தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. மரவேலைப் பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) நல்லதா, பிளைவுட் நல்லதா? சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று கொள்ளலாமா?

உளிக்காரன்:

தடிமன் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. தடித்த பலகையின் அதிர்வு அடங்கிவிடுவதில்லை, மேலே ஏறுகிறது. ஏறிய இடம் குரலின் நடுப்பகுதியாக இருந்தால் காதில் இன்னும் தெளிவாக விழும். பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்ற சிறிய கண்காணிப்பு ஒலிபெருக்கியில் சுவர் வெறும் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்தான். உட்புறம் கனத்த தணிப்புத் தகடுகளை ஒட்டி, அதிர்வைத் தாழ்ந்த இடத்துக்குத் தள்ளி அங்கேயே அடக்கினார்கள். இன்றைய பழக்கம் 18 மில்லிமீட்டர் பலகையும் குறுக்குத் தாங்கிகளும். இரண்டு வழியும் வேலை செய்யும். தாங்கியே இல்லாத பெரிய பக்கப் பலகைதான் வேலை செய்யாது.

எம்டிஎஃப் சீரானது, மலிவானது, வெட்டிய விளிம்பு நேராக வரும். ஆனால் அதன் விளிம்பில் திருகாணி பிடித்தால் பிளந்துவிடும். டிரைவரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் திருகுப்புழை தேய்ந்துவிடும், ஆகவே உலோகப் புரிச் செருகிகளைப் பதித்துவிடுங்கள். அதன் தூசு மிக நுண்ணியது, பசையில் ஃபார்மால்டிஹைடு கலந்தது. முகமூடி இல்லாமல் ஒரு வெட்டுகூட வேண்டாம். பிர்ச் பிளைவுட் வலிமையானது, பார்க்கவும் அழகு, விலைதான் இடிக்கும். ஒலியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு அந்த வேறுபாடு தகுதியானதல்ல.

பேரியாழ் சொன்ன 21 லிட்டர் நிகரக் கொள்ளளவு. டிரைவரின் காந்தம், குழாய், தாங்கிகள் ஆகியவை அடைக்கும் இடத்தைச் சேர்த்து உட்புறம் 24 லிட்டருக்குத் திட்டமிடுங்கள். உள்ளளவு 18 அகலம், 34 ஆழம், 39 உயரம் என்று சென்டிமீட்டரில் வைத்தால் கணக்கு நெருங்கி வரும். 7 சென்டிமீட்டர் குழாய்க்கு 34 ஆழம் போதாது, 29 போக 5 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். முழங்கை வளைவு வைக்க வேண்டும். உள் உயரம் 39 என்றால் 440 ஹெர்ட்ஸ் அருகே ஒரு நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும் ஒலி) எழும். வூஃபரை உயரத்தின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக வைத்தால் அது அந்த அலையைக் குறைவாகத் தூண்டும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் நாரைச் சுவர்களில் போர்த்துங்கள், குழாயின் வாயை மட்டும் மறைக்காதீர்கள்.

டிரைவரைப் பலகையின் முகத்தோடு சமமாக அமிழ்த்துவது ட்வீட்டருக்குக் கட்டாயம். வூஃபருக்கு அழகுக்காக என்றே வைத்துக்கொள்ளலாம். பலகையின் விளிம்புகளை உருட்டினால் ட்வீட்டரின் ஒலி விளிம்பில் பட்டுச் சிதறுவது குறையும், ஆனால் சில மில்லிமீட்டர் உருட்டல் வெறும் அலங்காரமே. கடைசியாக, காற்றுக்கசிவு. மூடிய பெட்டியில் கூம்பை மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இருமம்:

கிராஸ்ஓவரைக் கண்டு மலைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சுருள், மின்தேக்கி எதுவும் இல்லாமல், டிஎஸ்பி (இலக்கச் சைகைச் செயலி) பெட்டி ஒன்றின் மூலம் சைகையை இலக்க நிலையிலேயே பிரித்து, ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் கொடுத்துவிடலாம். அளவுகோல் சொன்ன 65 பாகை வேறுபாடு அங்கே ட்வீட்டருக்கு ஓரிரு எண்கள் தாமதம் கொடுப்பதோடு தீர்ந்தது. முன்பலகைச் சரிவை ஈடுகட்ட ஒரு வடிகட்டி, டிரைவரின் மேட்டைத் தட்ட இன்னொன்று; பிடிக்கவில்லை என்றால் சாலிடரைத் தொடாமல் மாற்றிக் கேட்கலாம். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று நான் கருதுகிறேன். வூஃபரோடு தொடராக நிற்கும் சுருளின் மின்தடையும் இல்லாமல் போவதால், தாளில் உள்ள க்யூடிஎஸ் அப்படியே இருக்கும், 0.4 ஓம் சுருள் ஒன்று அதை 0.40-க்கு உயர்த்திவிடும்.

பேரியாழ் குறிப்பிட்ட 12 லிட்டர் மூடிய பெட்டியைக்கூட மின்னணு முறையில் கீழே இறக்கலாம். 74 ஹெர்ட்ஸிலிருந்து 37-க்கு இறக்க 12 டெசிபல் கூடுதல் வேண்டும், அதாவது அந்தப் பகுதியில் 16 மடங்கு திறன். அதே சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே எழுப்பக் கூம்பு 4 மடங்கு தொலைவு ஆட வேண்டும். ஆகவே மிதமான சத்தத்தில் கேட்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபயரோடு நேரடியாக இணைத்த ட்வீட்டரை, மின்சாரம் வரும்போதும் போகும்போதும் எழும் ஒரு தட்டல் கொன்றுவிடும். மென்பொருளில் தவறான வாயிலுக்குத் தவறான வடிகட்டியை ஏற்றினாலும் அதே கதிதான். பிரியும் இடத்துக்கு வெகு கீழே வெட்டும் பெரிய மின்தேக்கி ஒன்றைத் தொடராகப் போட்டு வையுங்கள்.

தராசு:

இருமத்தின் யோசனை நல்லதுதான், ஆனால் நான் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. டிஎஸ்பி எல்லாத் திசைக்கும் ஒரே திருத்தத்தைத்தான் கொடுக்கும். நேர் எதிரே உள்ள பள்ளத்தை நிரப்பினால் பக்கவாட்டில் உள்ள மேடு இன்னும் உயரும். திசைப்பரவல் டிரைவரின் அளவையும் பலகையின் வடிவத்தையும் பிரியும் இடத்தையும் பொறுத்தது. அதைக் கணினியால் மாற்ற முடியாது.

அளவுகோல்:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து "ஆகவே கடையில் வாங்கு" என்ற முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. பிரியும் இடத்தை 1800 அல்லது 2000 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வூஃபர் குவிக்கத் தொடங்கும் முன்பே ட்வீட்டர் பொறுப்பேற்றுவிடும். இரண்டின் மையங்களுக்கும் இடையிலுள்ள தொலைவும் அலைநீளத்துக்குள் அடங்கும். அதற்கு, ஒத்ததிர்வு 700 ஹெர்ட்ஸுக்கும் கீழே உள்ள, செங்குத்தான சரிவோடு வெட்டினால் திரிபில்லாமல் தாங்கக்கூடிய ட்வீட்டர் வேண்டும். ஐந்தங்குல வூஃபருக்கு இறங்குவது இன்னொரு வழி. கீழ்ச்சுருதியை ஓரளவு இழக்க நேரும். தனியாக விற்கப்படும் அலைவழிகாட்டி முகப்புகளும் இப்போது கிடைக்கின்றன, முப்பரிமாண அச்சில் தாமே வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கோணத்துக்குக் கோணம் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் 90 பாகை வரை அளந்து விட்யூக்ஸ்கேடில் ஏற்றினால், தராசு அஞ்சும் துருத்தலைப் பலகையை வெட்டும் முன் இல்லாவிட்டாலும் கிராஸ்ஓவரை வாங்கும் முன்பாவது பார்த்துவிடலாம்.

உலோகக் கூம்புக்கு ஆசைப்படுபவர்களுக்கு இடைக்குறிப்பாக ஒன்று. அவற்றில் 5000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையில் எங்கோ கூர்மையான ஒத்ததிர்வு மேடு ஒன்று எழும். அதைக் கிராஸ்ஓவர் அடக்கிவிட்டதாக எண்ணினாலும், மேட்டின் மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் பிறக்கும் மூன்றாம் மடங்கு திரிபு நேராக அந்த மேட்டில் போய் விழுந்து பெருகும். மேடு 6000-இல் இருந்தால் 2000-க்கு வெகு கீழேயே பிரித்துவிடுவது நல்லது. காகிதக் கூம்பு தொடக்கக்காரரை இவ்வளவு தண்டிப்பதில்லை.

வளர்பிறைக்கு என் பரிந்துரை: முதல் ஜோடியை நீங்கள் வடிவமைக்க வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த ட்ரோல்ஸ் கிரேவ்சன் போன்றவர்கள் அளவீடுகளோடும் சுற்றுப்படத்தோடும் வெளியிட்டிருக்கும் வடிவமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்படியே கட்டுங்கள். கிராஸ்ஓவருக்குப் பின்னால் இருக்கும் மாதக்கணக்கான உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. பொறியாளர்களோடு போட்டியிட முடியுமா என்ற உங்கள் கேள்விக்கும் அதுவே விடை. மைக்கையும் வாங்கிவிடுங்கள். கட்டி முடித்ததை அளந்து, வெளியிட்டவருடைய வரைபடத்தோடு ஒப்பிட்டால், இரண்டாவது ஜோடியை நீங்களே வடிவமைக்கத் தேவையான பாதியைக் கற்றிருப்பீர்கள்.

தராசு:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அறையைப் பற்றி மட்டும் ஒரு சொல். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை எழுந்தே தீரும்; உட்காரும் இடத்தைப் பொறுத்து அது முழங்கும் அல்லது காணாமல் போகும். பெட்டியை 40 ஹெர்ட்ஸ் வரை இறக்கப் படாத பாடு படுபவர்கள் முதலில் நாற்காலியை நகர்த்திப் பார்க்கட்டும்.

வளர்பிறை:

முடிவு செய்துவிட்டேன். வெளியிடப்பட்ட இருவழி வடிவமைப்பு ஒன்றைக் கட்டப் போகிறேன். நான் மனத்தில் வைத்திருந்த டிரைவர்களை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு தயக்கம் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெட்டி என் அலமாரியின் ஆழத்துக்குச் சற்றுப் பெரிது. கொள்ளளவை மாற்றாமல் முன்பலகையை 4 சென்டிமீட்டர் அகலமாக்கி ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாமா? கிராஸ்ஓவரில் குறித்திருக்கும் காற்றுக்கருச் சுருளுக்குப் பதிலாக இரும்புக்கருச் சுருள் போடலாமா?

அளவுகோல்:

முன்பலகையைத் தொடாதீர்கள். அகலம், டிரைவர்களின் இடம், அவற்றுக்கிடையே உள்ள தொலைவு ஆகிய மூன்றும் கிராஸ்ஓவரின் பகுதிகளே. அகலத்தை 20-லிருந்து 24-க்கு மாற்றினால் முன்பலகைச் சரிவின் நடுப்புள்ளி 575-லிருந்து 480 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், விளிம்புச் சிதறலின் ஏற்றத்தாழ்வும் வேறு இடங்களுக்கு நகரும். அந்தச் சுற்று வேறொரு பெட்டிக்கானது ஆகிவிடும். பெட்டியைக் கீழ்நோக்கி நீட்டி ஆழத்தைக் குறைப்பது பெரும்பாலும் தீங்கற்றது, டிரைவர்கள் மேல்விளிம்பிலிருந்து அதே தொலைவில் இருக்கும்வரை. பின்பக்கக் குழாயாக இருந்தால் அலமாரிக்குள் தள்ளி அடைத்து வைக்காதீர்கள்; அது சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும், அல்லது மூடிய பெட்டி வடிவமைப்பு ஒன்றைத் தேடுங்கள்.

சுருளைப் பொறுத்தவரை, தூண்டல் மதிப்போடு அதன் நேர்மின்தடையும் ஒத்திருக்க வேண்டும், ஏனென்றால் வடிவமைத்தவர் அந்த மின்தடையையும் கணக்கில் சேர்த்திருப்பார். வூஃபரோடு தொடராக உள்ள பெரிய சுருளுக்குத் தரமான இரும்புக்கரு ஏற்கத்தக்கது. கரு இனி காந்தமேற்க முடியாமல் நிறைவடையும் அளவுக்கு மின்னோட்டம் போகாத வரை வேறுபாடு தெரியாது. ட்வீட்டர் பக்கத்தில் காற்றுக்கருவையே வைத்துக்கொள்ளுங்கள். சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் தள்ளியும் பொருத்துங்கள். அருகருகே ஒரே திசையில் நின்றால் ஒன்றின் புலம் மற்றொன்றில் கசியும். மின்தேக்கிகளுக்கு நல்ல பிலிம் வகை போதும், பெயருக்காகக் கொடுக்கும் பணத்தை மைக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்ததும் ட்வீட்டரின் முனைகளைத் தலைகீழாக மாற்றி ஓர் அளவீடு, சரியாக இணைத்து ஓர் அளவீடு என்று இரண்டை எடுங்கள். வடிவமைப்பு நான்காம் வரிசை லிங்க்விட்ஸ்–ரைலியாக இருந்தால், தலைகீழ் இணைப்பில் பிரியும் இடத்தில் ஆழமான, இருபுறமும் ஒத்த பள்ளம் ஒன்று விழ வேண்டும். பள்ளம் ஆழமற்றோ ஒருபுறம் சாய்ந்தோ இருந்தால் ஏதோ ஓர் உறுப்பின் மதிப்போ முனையோ மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டு பெட்டிகளுக்குமான வரைபடங்களையும், மைக் இருந்த உயரத்தையும் தொலைவையும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.